எட்டுத் தூணும் ஒரு காந்தமும்

கட்டடம் நிற்கிற வரைக்கும் கீழ்க்கடை மகளுக்கு, அது போனால் மனை முழுக்க மகனுக்கு என்று அப்பா உயில் எழுதிவைத்துவிட்டுப் போன நாளிலிருந்து, பட்டன்கடைக்காரிக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவில் எட்டு இரும்புத் தூண்கள் நின்றன.

அண்ணன் அங்கே கண்ணாடி மாளிகை எழுப்பத் துடித்தான். அவளோ பழங்கட்டடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டுவிட்டாள். சேர்த்துவிட்டால் ஓர் ஆணியைக்கூட அவன் பிடுங்க முடியாது.

அன்று பட்டியல் அதிகாரி வந்தார். சட்டைப்பையில் ஒரு பேனா, ஒரு காந்தம். அவர் உட்காருவதற்குள் அவள் வரலாற்றை அவிழ்த்துவிட்டாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா கடிகார வியாபாரி சார். படம் போட்ட புத்தகத்தைப் பார்த்து முழுக் கட்டடத்தையும் ஆர்டர் பண்ணிட்டாரு. அத்தனையும் வார்ப்பிரும்பு. கப்பல்ல துண்டு துண்டா, நம்பர் போட்டு வந்துச்சு. அப்புறம் ஒரு கம்பெனிக்காரன் வாடகைக்கு வந்தான். வாசல்ல 'தீப்பிடிக்காத கட்டடம்'னு போர்டு, உள்ள தீ விபத்துக் காப்பீடு வியாபாரம். அதுக்கப்புறம் குடைக் கிடங்கு. இப்போ நான்."

ஒவ்வொரு தூணின் தலையிலும் இலையும் கொடியும் திராட்சைக் குலையும். இரும்பில் காய்த்த திராட்சை அந்தத் தெருவில் வேறெங்கும் இல்லை.

அண்ணன் அதிகாரிக்கு ஜூஸ் வரவழைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்தால் எங்கேயோ யாரோ ஏமாந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கல்லாவை ஒட்டிய தூணில் அதிகாரி காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் வைத்தார். வழுக்கி விழுந்து லேஸ் டப்பாவுக்குள் போனது. மூன்றாவதிலும் விழுந்தது. எட்டு வரைக்கும் அதே கதைதான். கடைசித் தூணைச் சாவியால் சுரண்டினார். பச்சைப் பெயின்ட், சாந்து, அதற்குள் சிவப்புப் பொடி.

"என்னண்ணே இது?"

"செங்கல். முதல் தரம்."

"இரும்பு எங்க?"

"நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்போ பெயின்ட் அடிச்சோம்ல? அப்போ பழைய இரும்புக்கு நல்ல விலை."

குழந்தையோடு திரும்பி வந்த அன்று தூண்கள் பளபளத்ததைப் பார்த்துப் பூரித்துப்போய், அவனுக்குச் சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தவள் அவள். பன்னிரண்டு வருஷமாக வாராவாரம் எண்ணெய்த் துணியால் அந்தச் செங்கலைத்தான் துடைத்திருக்கிறாள். அவனும் வேடிக்கை பார்த்திருக்கிறான்.

"இந்த ஒண்ணை மட்டும் ஏன் விட்ட?"

"நீ சாஞ்சு உக்கார்ற தூணாச்சே. முதுகுக்குச் சில்லுனு இல்லேன்னா கண்டுபிடிச்சிருப்ப."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"திரை கட்டி மறைச்சதே அவருதானேம்மா."

மறைத்துவிட்டு, அதற்கப்புறம் அந்த உயிலையும் எழுதியிருக்கிறார். அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்ப இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் குடும்பச் சொத்து.

அதிகாரி கொட்டாவி விட்டார். செங்கல் என்று எழுதினால் இன்னொரு தடவை வந்து அளக்கவேண்டும், அவருக்கு அலுப்பு. "இங்க பாருங்கம்மா. ஒட்டின தூணை மட்டும் நான் எழுதிக்கிறேன். எத்தனை தூணைத் தொட்டுப் பார்க்கணும்னு விதியில இல்ல. சரின்னா சொல்லுங்க, பட்டியல்ல சேர்த்துடலாம்."

அண்ணனின் கால் ஆட்டத்தை நிறுத்தியது. ஒரு 'சரி' போதும், கடை அவளுக்கு. அந்தச் 'சரி' நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. அப்போது மேல்மாடித் தையல்கூடத்தில் மெஷின்கள் வேகமெடுத்தன. திராட்சைக் குலையிலிருந்து ஒரு சிட்டிகைச் சாந்து அதிகாரியின் ஜூஸில் உதிர்ந்தது.

"மேல நாப்பது மெஷின் ஓடுது சார். நாப்பது பொம்பளைங்க. இது தாங்குமா?"

"அது என் துறை இல்லம்மா." டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"இத்தனை வருஷம் தாங்கலையா?" என்றான் அண்ணன்.

அதுவரை அவன்மேல் மட்டும் இருந்த அருவருப்பு திரும்பி அவள்மேலேயே ஏறியது. அதே சரக்குதான் நானும், அச்சு மாறவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏழும் செங்கல்னு எழுதுங்க சார்."

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். தையல்கூடத்து மேஸ்திரி வழிமறித்தார். "என்னக்கா? சாயங்காலம் டெலிவரி இருக்கு."

"எல்லாரையும் இறக்குங்க."

"எதுக்கு?"

"கீழ உங்களைத் தாங்கிட்டு நிக்கிறது எங்க குடும்பத்து நாணயம். சீக்கிரம் இறங்குங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் காத்திருக்கவில்லை, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். நாற்பது மெஷினும் ஒரே நேரத்தில் அடங்கின. அந்த அமைதியில் படிக்கட்டு வழியாக அண்ணனின் குரல் தெளிவாக ஏறி வந்தது.

"சார், அந்த ஒத்தத் தூணையும் எங்கப்பா பிற்பாடு பண்ணி வச்சதுன்னு எழுதிடுங்களேன். பழசுன்னு போட்டா கழட்டுறதுக்கு அனுமதி கேப்பாங்க. பழைய இரும்பு வாங்குறவன் வெளிய வண்டியோட நிக்கிறான்."