நாலு மணிக்கு இறங்கும் சித்திரம்

அட்லிஸ்கோ சந்தைச் சுவரில் எவுலாலியா தீட்டியிருந்த சோளமூட்டைக்காரன், செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைவிட்டுப் போய்விட்டான். அன்று தக்காளி விலையில் மாற்றமில்லை.

புரட்சி முடிந்து, சர்க்கார் சுவர்களையெல்லாம் ஓவியர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஓவியர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். கொத்தனார் கூலிதான் வாங்கினார்கள். ஆனால் பெண்பிள்ளைக்குச் சாரத்தில் ஏறுவது சரிப்படாது என்று எவுலாலியாவை ஆறு வருஷம் தூரிகை கழுவ விட்டிருந்தார்கள். இது அவளுடைய முதல் சுவர். சனிக்கிழமை ஆளுநர் திறந்து வைக்கிறார். சொதப்பினால் வெள்ளையடித்துவிடுவார்கள், அடுத்த சுவர் என்ற பேச்சே கிடையாது.

ஓடிப்போனவனைக் கற்றாழைக் கள்ளுக்கடையில் பிடித்தாள்.

"எந்திரிய்யா! ஏறு சுவத்துல!"

"காலைல எட்டு மணிக்கு வர்றேன் தாயி. என் தலைக்கு மேல கொடியில என்ன எழுதியிருக்கே? 'எட்டு மணி நேரமே வேலை.' நீ எழுதினதுதானே?"

அவள் எழுதியதுதான். கொடியும் வாசகமும் இல்லாமல் சங்கத்துக்காரர்கள் எந்தச் சுவரை விட்டார்கள்? போதாததற்குப் படிக்கத் தெரிந்த முகமாக வேறு வரைந்து தொலைத்திருந்தாள்.

கொடியை அழிக்க வழியில்லை. வாசகம் ஆளுநரே கேட்டு வாங்கியது. காய்ந்த சுண்ணாம்பில் புதுச் சாயமும் பிடிக்காது. ஆளைக் கொத்தியெடுத்து, சப்பாத்திக்கள்ளிச் சாறு கலந்து மறுபடி பூசி, ஈரத்தில் வேறொருவனை வரைய வேண்டும். மறுநாள் கொத்தனார் நிகனோர் உளியோடு வந்தான். சுவரில் மூட்டைக்குக் கீழிருந்து மூட்டைக்காரன் அவளையே பார்த்தான்.

"வேணாம், விட்டுத்தொலை" என்று தலையிலடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க வாத்தியாரம்மா, விழா மூணு மணிக்குத்தானே?" என்றான் நிகனோர்.

"எந்த ஆளுநருய்யா சொன்ன நேரத்துக்கு வந்திருக்கார்?"

ஐந்தரைக்கு வந்தார். தம் மாநிலத்தில் ஒரு தொழிலாளிகூட எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் உழைப்பதில்லை என்று முழங்கித் திரையை இழுத்தார். தரையில் மூட்டை. மேலே கொடி. நடுவில் ஆள் வடிவத்தில் வெறும் சுண்ணாம்பு. அதிகாரி ஒருவர் ஓரத்திலிருந்த வெள்ளையடிக்கும் வாளியைப் பார்த்தார்.

"ஆள் எங்கேம்மா?" என்றார் ஆளுநர்.

ஆறு வருஷம் தூரிகை கழுவிய கையால் கொடியைக் காட்டினாள்.

"வேலை முடிஞ்சு போயிட்டான் ஐயா. மேலே எழுதியிருக்கே, படிக்கலியா?"

ஆளுநர் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாம் பேசியது கூட்டத்துக்கு இன்னும் மறந்திருக்காது என்பது அவருக்குப் புரிந்தது. கைதட்டினார். கள்ளுக்கடை வாசலிலிருந்து மூட்டைக்காரனும் தட்டினான்.

இன்றும் எட்டுக்கு ஏறுகிறான், நாலுக்கு இறங்குகிறான். தாமதமாக வரும் வெளியூர்க்காரர்களைச் சந்தைக்காரர்கள் நாளைக்கு வரச்சொல்லிவிடுகிறார்கள்.

எவுலாலியாவுக்கு அடுத்து நீதிமன்றச் சுவர் கிடைத்தது. உஷாராகக் கொடியே வைக்கவில்லை. எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்தே வரைந்தாள். ஒரு நண்பகலில் நிகனோர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"வாத்தியாரம்மா, நீதிபதி சாப்பாட்டுக்கு இறங்கிட்டாரு!"

அவள் சுண்ணாம்பு குழைப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை மணிக்கு வர்றாராம்?"