பங்காளிகள் பட்டியல்

சுரேந்தர் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த தாளை, அம்மா அரிந்துவைத்திருந்த வெண்டைக்காயின் மேலேயே போட்டான்.

"நம்ம கூட்டத்துப் பங்காளிக பட்டியலுங்கம்மா. கம்ப்யூட்டர் சென்டர்ல நம்ம ஊர்ப் பேரை அடிச்சேன், வந்துருச்சு." இங்கிலீஷ் எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினான். "அப்பா பேரு. நீங்க. நானு. அப்பறம் கீதா. சௌரிபாளையத்து ஊட்டு விலாசம், பக்கத்து ஊட்டு போன் நம்பரோட. அமெரிக்காக்காரன்கிட்டச் சொல்லத் தெரிஞ்சுது, எங்கிட்டச் சொல்லத் தெரியலீங்களா?"

மயிலாத்தாள் தாளைத் தொடவில்லை.

தொண்ணூற்றொன்பது தையில், குலதெய்வக் கோயில் பூசைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மோகன்குமார், பங்காளிகளைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து எழுதிக்கொண்டான். சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன மகள் கீதாவின் பெயரை வீட்டில் இரண்டு வருடமாக யாரும் சொன்னதில்லை. அவள் இருக்குமிடம் மயிலாத்தாளுக்கு மட்டும் தெரியும். கீதா தோழி ஒருத்தி மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். "எத்தனை கொழந்தைங்க பெரீம்மா?" என்று மோகன்குமார் கேட்டபோது, ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. சுரேந்தர் பந்திக்குப் போகும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதையெல்லாம் எங்க கண்ணு வெப்பே?"

"அமெரிக்காவுல, கம்ப்யூட்டர்லீங்க."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருப்பதை இங்கிருந்து யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்.

இப்போது வாசலில் கார் வந்து நின்றது. உள்ளே இருந்த தாய்மாமன் இறங்கவில்லை. சுரேந்தர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தான். மோதிரத்தையும்.

"அவளை ஒண்ணும் பண்ணிப்போடாத சாமி."

"பேசிப்போட்டு வாரோம்."

கார் முக்குத் திரும்பியதும் செருப்பில்லாமல் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். நம்பர் மனப்பாடம். ஒருநாளும் போட்டுப் பேசியதில்லை.

போனை எடுத்த பக்கத்து வீட்டுக்காரி போய்க் கீதாவைக் கூட்டிவந்தாள்.

"அம்மாவா?" கீதாவின் குரலில் சிரிப்பு இருந்தது.

"கண்ணு, அண்ணனும் மாமனும் அங்க வாராங்க. ரெண்டு மணி நேரந்தான் இருக்குது. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கியாச்சும் போயிரு."

"எடம் எப்படீம்மா தெரிஞ்சுது?"

"நாந்தான் சொல்லிப்போட்டேன்."

ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"போற எடத்தை எனக்குச் சொல்லீராத," என்றாள் மயிலாத்தாள்.

மறுமுனையில் ரிசீவர் மேஜைமேல் விழுந்தது. எங்கோ ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. காலடிகள் படியிறங்க, அழுகையும் கூடவே இறங்கியது. அப்படி ஒரு குழந்தை இருப்பது அவளுக்குத் தெரியாது. அழுகை தேய்ந்து மறையும்வரை ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.