நானூற்றைம்பது கேட்டேன்

நான் கேட்டது நானூற்றைம்பது ஜிபி. நூறுதான் கேட்டேன் என்கிறது படிவம். கீழே என் பெயர்: லோர்னா ஹாகன், நெட்வொர்க் பிரிவு.

டுலூத் நகரில் எங்கள் மருத்துவமனைக்கு நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள் வாங்கினார்கள். அதற்கு எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. கணினிகளையும் கருவிகளையும் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகள் முந்நூற்று நாற்பது, ஒவ்வொன்றிலும் கம்பி செருக நாற்பத்தெட்டு போர்ட். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அத்தனையையும் நலம் விசாரித்து எழுதிவைக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஜிபி. ஓராண்டுப் பதிவு கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மென்பொருளுக்கே ஐம்பது, அவசரத்துக்குக் கையிருப்பு முப்பத்தைந்து. கூட்டிப் பாருங்கள், நான் ஒன்றும் ஊதாரியல்ல.

என் மேலாளர் கிரெய்க் போல்ஸ்டட் எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்தைத் தாண்டியவர் அல்ல.

"இங்க பாரு, அம்பது போதும்னு மென்பொருள் வித்தவனே போட்டிருக்கான்."

"அது இன்ஸ்டால் பண்றதுக்கு மட்டும், கிரெய்க். சோபா நுழைஞ்சா போதுமா, ஆள் நடமாட இடம் வேண்டாமா?"

"சரி, டபுளா தரேன். நூறு. சந்தோஷமா?"

"அம்பதாவது நாள் நிரம்பிடும்."

"அப்ப பாத்துக்கலாம். படிவத்துல நூறுன்னு மாத்து, உடனே ஓகே பண்றேன்."

இதுதான் எங்கள் வழக்கம். கொடுப்பது எவ்வளவோ, கேட்டதையும் அவ்வளவாகத் திருத்திவிட வேண்டும். அப்போதுதான் ஆண்டறிக்கையில் எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறியதாக வரும். பன்னிரண்டு வருடமாகத் திருத்துகிறேன். அன்றும் திருத்தினேன். அந்தக் கோபம் என் மேலேயே இருக்கிறது.

ஜனவரி இரண்டில் நிறுவினோம். இடையில் இரண்டு முறை நினைவூட்டினேன். பழையதையாவது அழிக்கட்டுமா என்றேன். ஓராண்டு விதியை எனக்கே எடுத்துக் காட்டினார். பிப்ரவரி இருபதில் டிஸ்க் நிரம்பி மென்பொருள் நின்றது. திரையோ கடைசியாகப் பார்த்த 'எல்லாம் சரி' என்ற பச்சையையே காட்டிக்கொண்டிருந்தது. அன்று மதியம் டயாலிசிஸ் பிரிவின் ஸ்விட்ச் செத்தது. இரண்டு மணி நேரம் எங்களுக்குத் தெரியாது. பதினொரு நோயாளிகள். எந்த இயந்திரத்தின் எச்சரிக்கையும் செவிலியர் மேசைக்கு வரவில்லை. செவிலியர்களே கவனித்து எங்களை அழைத்தார்கள்; சரியாகும் வரை ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் ஆளாக நின்று காத்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் கிரெய்க் படிவத்தைத் திரையில் போட்டார். "லோர்னா நூறு கேட்டா, நூறு குடுத்தோம்." பிறகு என் பக்கம் திரும்பி, பெரிய மனசு பண்ணி, "இப்ப இருநூறு போடு, இங்கயே ஓகே பண்றேன்" என்றார்.

டயாலிசிஸ் தலைமைச் செவிலியர் பெர்னடெட் என்னைப் பார்த்தார். "இருநூறு எத்தனை நாள் தாங்கும்?"

"நூத்தம்பது நாள். அம்பது போயாச்சு, இன்னும் நூறு."

"அதையும் படிவத்துலயே எழுதுங்க. அது மறுபடி நிக்கப்போற தேதி என் நர்ஸுங்களுக்குத் தெரியணும்ல."

எல்லோர் முன்னாலும் புதுப் படிவம் திறந்தேன். நானூற்றைம்பது. கணக்கு முழுவதையும் கீழே எழுதி அனுப்பினேன்.

"இருநூறுன்னு மாத்து, லோர்னா."

"மாட்டேன். வேணாம்னா நிராகரிங்க."

நிராகரித்தால் காரணத்தை எழுத ஒரு கட்டம் வரும். காலியாக விட்டால் அது நகராது. எழுதட்டும், அவர் பெயரில்.