தழும்பில்லாத முகம்

எங்கள் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்ட வருடம், டார்க்கஸ் தன் ஒரே பசுவை விற்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணைக்காரர் டர்னிப் கிழங்கு விதைத்திருந்தார்; மாட்டை மேய்க்க இடமில்லை. அவள் கணவனை இழந்தவள், பிள்ளை கிடையாது. வீட்டு வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

டவுனில் திருமதி பெல்லாமி கதவைப் பாதி திறந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குப் பெரியம்மை வந்திருக்கா?"

"இல்லீங்கம்மா."

"அதானே, முகம் தழும்பில்லாம வழுவழுன்னு இருக்கு. ஒரு தடவை வந்தவங்களுக்குத்தான் மறுபடி வராது. எனக்கு மூணு குழந்தைங்க, உன்னால அதுங்களுக்கு ஒட்டிக்கிட்டா? போய் அம்மை குத்திக்கிட்டு, குத்தினவர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. வேலை தர்றேன்."

அம்மை குத்தும் வீடு ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருந்தது. ஸ்கெல்டன் என்பவர் அவள் கையைக் கீறி, அம்மை கண்ட ஒருவனின் சீழைத் தடவினார். கூடக் குத்திக்கொண்ட ஐந்து பேருக்கும் எட்டாம் நாள் காய்ச்சல் வந்து கொப்புளம் எழும்பியது. இவளுக்கு ஒன்றுமில்லை. மறுபடி குத்தினார். அப்போதும் கீறல் காய்ந்து உதிர்ந்ததுதான் மிச்சம்.

"உன் தோலை என்ன, செருப்பு தைக்கவா வளர்த்த?" என்று சிரித்தார் ஸ்கெல்டன். "மாட்டு அம்மை எப்பவாவது கையில வந்துச்சா?"

"பால் கறக்கப் போன புதுசுல வந்துச்சுங்க."

"அது வந்தவங்களுக்கு இது வராதுன்னு பால் கறக்கிறவங்க சொல்றாங்க. அதை நம்பி நான் சீட்டு எழுத முடியுமா?"

"அப்போ அம்மை கண்டவங்க படுத்திருக்கிற அறையிலேயே என்னை விடுங்க ஐயா. வந்தா வந்துட்டுப் போகட்டும்."

ஆறு வாரம் அங்கே கஞ்சி ஊட்டினாள், சீழ்த் துணி அலசினாள். தேறியவர்களை அழைத்துப்போக வாசல்வரை யாராவது வந்தார்கள். அவளுக்கு அம்மை வரவில்லை. அதையே எழுதிக் கொடுத்தார் ஸ்கெல்டன்.

திருமதி பெல்லாமி சீட்டைக் கையில் வாங்கவில்லை.

"கொப்புளம் வந்துச்சா, இல்லையா?"

"வரலீங்கம்மா. ஆனா ஆறு வாரம் அவங்களோடயே..."

"அப்போ இன்னிக்கோ நாளைக்கோ வரும். அது என் வீட்லதான் வரணுமா? எட்டிப் போ!"

கதவு மூடியது. டார்க்கஸ் குன்றுக்கே திரும்பினாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் ஸ்கெல்டன். "அந்த அறைக்குள்ள போக வேற ஆளே கிடைக்கல. இங்கேயே இரு."

வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் ரொட்டிக்காரர் வீட்டை நெருங்காமல் பாதையோரக் கல்லில் ரொட்டியை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

"ஊர்ல என்ன சேதிங்க?" என்று ஒருநாள் வாசலிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்திக் காட்டிவிட்டு, குன்றிலிருந்து இறங்கிப் போனார்.