ரோவீனா காடிலின் இரண்டு தாள்கள்

ரோவீனா காடிலின் இதயம் ஹார்க்கர் மாவட்டத்தில் யாருக்கு ஆபத்து வந்தாலும் அவர்களுக்காகவும் சேர்த்து அடித்தது. கென்டக்கி மலைகளுக்குள் கிடக்கும் அந்தச் சின்ன மாவட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த வருடம் பீன்ஸ் எப்படிக் காய்த்தது என்று பேசுகிற அதே குரலில் இதையும் பேசுவார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்கூரை சரிந்தாலும் சரி, யாராவது பனியில் வழுக்கி ஓடையில் விழுந்தாலும் சரி, ரோவீனா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். யாருக்கு, எங்கே என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. ஏழு வயதில் தொடங்கிய படபடப்பு நாற்பத்தொரு வயது வரை பெயர் சொல்லாமலே வந்து போனது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அடிபட்டவர்களின் பெயர்களை வாசிக்கும்போதுதான் அவளுக்கு விவரம் புரியும். அதற்குள் சிலரைப் புதைத்தும் இருப்பார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் மாவட்டத்துக்கு அவசர உதவித் தொலைபேசி வருவதாகவும், அழைப்பை எடுத்துப் பேச மூன்று பேர் தேவை என்றும் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீப்பின் அலுவலகம் அறிவித்தது. முதல் விண்ணப்பம் ரோவீனாவுடையது. பெயர் என்ன, எந்தச் சாலை என்று கேட்டு ஆம்புலன்சை அனுப்ப வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கிடைக்காத இரண்டு பதில்களையும் கேட்டு வாங்குவதுதான் வேலையே என்றால் அவள் எப்படி விடுவாள்? ஆனால் ஷெரீப் அலுவலகத்தில் யார் சேர்ந்தாலும் முதலில் பொய் கண்டறியும் இயந்திரத்தின் முன்னால் உட்கார வேண்டும் என்பது விதி.

அந்த இயந்திரத்தை மாதம் ஒருமுறை ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவருபவர் எல்ஸ்வொர்த் பிக்கெட் என்ற ஓய்வுபெற்ற போலீஸ்காரர். தன்மையான மனிதர், காத்திருப்பவர்களுக்குப் பெப்பர்மின்ட் மிட்டாய் கொடுப்பார். மார்பைச் சுற்றி ஒரு குழாய், கையில் ஒரு பட்டை, விரல்களில் இரண்டு தகடுகள். எதிரே ஓடும் தாளில் நான்கு பேனாக்கள் கோடு போடும். வேலை செய்த இடத்தில் எதையாவது திருடியதுண்டா என்று கேட்டார். பதினொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த ரோவீனா, மிஞ்சிய சோள ரொட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனதைத் தவிர வேறொன்றுமில்லை என்றாள். அது சத்தியமான உண்மை. நான்கு பேனாக்களும் துள்ளிக் குதித்தன. பிக்கெட் தாளின் கீழே "பொய்" என்று வருத்தத்துடன் எழுதினார். ஷெரீப் இரக்கப்பட்டு, மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை உட்காரலாம் என்றார்.

இந்த இடைவெளியில் வந்து சேர்ந்தவர் ஹோபர்ட் சைஸ்மோர், ஷெரீப்பிடம் முன்பு துணை அதிகாரியாக இருந்தவர்.

"மெஷின ஏமாத்த ஷூவுக்குள்ள ஆணி வெச்சுக்கலாம், நாக்கோரத்தக் கடிக்கலாம். உனக்கு அதெல்லாம் ஒத்து வராது. ஆயிரத்துலேர்ந்து ஏழேழா கழிச்சுக்கிட்டே வா, நெஞ்சு கம்முனு கெடக்கும். ஆபீஸ்ல பாதிப் பேரு இப்படித்தான் உள்ள வந்தான். ஒருத்தனும் செத்துடல."

அன்று மாலை ரோவீனாவும் கணவன் விர்ஜிலும் குளிர்காலத்துக்காகக் காயவைக்கப் பீன்ஸை நூலில் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

"மெஷின்தான் உன்னப் பத்திப் பொய் சொல்லுது. அத ஏமாத்துறதுல என்ன பாவம்?" என்றான் விர்ஜில்.

"மெஷின ஏமாத்தலாம்யா. அதுக்கு எதிர்ல ஒரு மனுசன் உக்காந்திருக்காரே. ஏதாச்சும் தந்திரம் பண்ணுனியான்னு கடைசில அவரு கேப்பாரு."

"இல்லன்னு சொல்லு. ஒரே ஒரு இல்ல. அதனால எத்தன உசுரு பொழைக்கும், யோசிச்சுப் பாரு."

"உசுரக் காப்பாத்துற வேலைக்குப் பொய்யச் சொல்லித்தான் உள்ள போவணுமா?"

விர்ஜில் நூலை இழுத்துவிட்டான். அடுத்த பீன்ஸை எடுத்துக் கோத்தான்.

ஆனாலும் அவள் பழகினாள். ஆயிரம், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று, தொள்ளாயிரத்து எண்பத்தாறு. எழுநூற்றுக்குக் கீழே போனதும் அவளுடைய இதயம் அவளுக்காக மட்டும் அடித்தது. அந்த நேரங்களில் மாவட்டத்தில் பலரும் காரணமில்லாமல் திரும்பிப் பார்த்தார்கள். தபால் அலுவலகத்து ஒடெஸா ஜன்னல் திறந்திருக்கிறதா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தாள். சுரங்கத்துக்குள் தனியாக நின்றவர்கள் சத்தமாகப் பாடினார்கள். இவ்வளவு காலமும் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள் என்பதே, அந்த ஆள் நகர்ந்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

இரண்டாவது பரிசோதனை வழுக்கிக்கொண்டு போனது. பேனாக்கள் நேர்கோடு போட்டன. பிக்கெட்டுக்கே சந்தோஷம். ரோவீனா நானூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தபோது அவர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்: இந்தப் பரிசோதனையின் முடிவை மாற்ற ஏதாவது செய்தீர்களா? வேலை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. ஒரு சொல்தான் பாக்கி. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை.

"ஆமா சார்," என்றாள். "ஏழேழா கழிச்சுக்கிட்டே இருந்தேன். மன்னிச்சுடுங்க."

கணக்கு நின்றது. நெஞ்சு திறந்தது. நான்கு பேனாக்களும் தாளைத் தாண்டி மேசையில் போய் மையைக் கொட்டின. ரோவீனா நிமிர்ந்து பார்த்தாள். பிக்கெட்டின் முகம் மாவு பூசினாற்போல வெளுத்திருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிட்ட குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது உங்களுக்குத்தான்! ஐயோ, உங்களுக்குத்தான் அடிக்குது!" என்று கத்தியபடி கையில் கட்டிய பட்டையோடு எழுந்து கதவுக்கு ஓடினாள். யாருக்கு, எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பத்து நிமிடத்தில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு மணி நேரம் மூன்றடி தள்ளி உட்கார்ந்தும் தனக்கு உறைக்கவில்லையே என்று ரோவீனா வராந்தாவில் அழுதாள்.

பிக்கெட் பதினொரு நாள் படுக்கையில் இருந்தார். நான்காம் நாள் இரண்டு தாள்களையும் ஷெரீப் அலுவலகத்து வயர்லெஸ் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கினார். முதல் தாளில் பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு ஒரு துள்ளல்; அதே நிமிடம் பீவர் ஓடைப் பக்கம் ஒரு டிராக்டர் கவிழ்ந்திருந்தது. பத்து இருபத்திரண்டுக்கு இன்னொன்று. ஒரு குழந்தை பட்டனை விழுங்கியிருந்தது. ஒரு துள்ளலும் பிசகவில்லை. இரண்டாம் தாளிலோ, அவள் கணக்கை நிறுத்தும்வரை அவருடைய சொந்த மாரடைப்பு கூட இல்லை. பேனா வாங்கி அறிக்கை எழுதினார்: "முதல் தாளில் இந்தப் பெண்மணி உண்மை சொன்னார், நான் பொய் என்று எழுதினேன். இரண்டாம் தாள் பொய். அதை உண்மை என்று எழுத இருந்தேன். அவரே தடுத்துவிட்டார். தந்திரம் செய்தவருக்கு ஒரு வருடத் தடை என்பது விதி. விதியை நான் மாற்றச் சொல்லவில்லை. அந்த வருடம் முடிந்த பிறகும் இவரை எடுக்காவிட்டால் நம்மைப் போல் முட்டாள்கள் இல்லை."

விர்ஜில் தடையைப் பற்றி முணுமுணுத்தான். "பண்ணது தப்புதானே," என்று ரோவீனா அவன் வாயை அடைத்தாள். பெட்டியோடு வரும் ஒவ்வொரு மாதமும் பிக்கெட் அவர்கள் வீட்டில் இறங்கி, மிட்டாய் கொடுத்துவிட்டு உலர்ந்த பீன்ஸ் வாங்கிப் போனார்.

"அன்னைக்கு நீ இல்லன்னு சொல்லியிருந்தா இன்னைக்கு நான் இல்லம்மா," என்பார் அவர். "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நான்தான் சார் சொல்லணும். அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா, உங்க பேரச் சர்ச்சுல வாசிக்கறப்பதான் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு போன எடுப்பேன்?"

வருடம் முடிந்து மூன்றாவது பரிசோதனை நடந்தது. ரோவீனா எதையும் எண்ணவில்லை. பேனாக்கள் ஆறு முறை துள்ளின. பக்கத்தில் வயர்லெஸ்ஸோடு ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு துள்ளலுக்கு எதிரிலும் ஒரு பெயரையும் ஒரு சாலையையும் பிக்கெட் எழுதினார். கீழே "உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ரோவீனா அவசர உதவித் தொலைபேசியின் முன்னால் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்ததும் ஓட்டுநரை வண்டியில் ஏறச் சொல்வாள். அப்புறம் மணி அடிக்கும். ஹார்க்கர் மாவட்டத்தில் அழைத்தவர் தொலைபேசியை வைப்பதற்குள் ஆம்புலன்ஸ் சாலை வளைவில் தெரியும். அதில் யாரும் அதிசயப்படுவதில்லை. என்றைக்காவது பத்து நிமிடம் தாமதமாகிவிட்டால் மட்டும், அடிபட்டுக் கிடப்பவர் ஓட்டுநரிடம் கேட்பார்: "ஏம்ப்பா, இன்னைக்கு ரோவீனா லீவா?"