மூன்றாம் வருஷப் பழம்

திராட்சைக் கொடியின் இலைகளை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். கொத்து வேண்டாம், கத்தரிக்குத் தப்பிய பழம் ஒன்றே ஒன்று எங்கேயாவது ஒளிந்திருக்காதா? உள்ளே கட்டிலில் கிடக்கும் அவள் புருஷன் கேட்டுவிட்டார். இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த மனுஷன் காலையில் கண்ணைத் திறந்து, "நம்ம தோட்டத்துப் பழம் ஒண்ணு குடேன்" என்றார். வந்து பார்த்த நர்ஸ், அவளை வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்மா. கேட்டதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொடுக்க இருந்தால்தானே!

ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், திராட்சை போட்டு ஒயின் பண்ணி விற்க வேண்டும் என்று பித்துப் பிடித்துவிட்டது. அவர், அவள், அவருடைய தம்பி, மூன்று பேருமாக அதற்கான வகுப்புக்குப் போனார்கள். கொழுந்தனுக்கு விற்பனைப் பாடம் மட்டும்தான் மண்டையில் ஏறியது. "குடிக்கிறவன் முதல்ல கண்ணாலதான் குடிக்கிறான் அண்ணி" என்று சொல்லி, கொடி ஊன்றும் முன்பே பாட்டிலுக்கு லேபிள் அடித்துக்கொண்டு வந்தான். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதை. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கே பேர் லேபிள் ஆகிவிட்டது. பழத்தை நசுக்கி நுரைக்க வைப்பது, வடிப்பது எல்லாம் அவருடைய பாடம். கொடி அவள் பொறுப்பு. அதில் அவள் கெட்டி. ஐயோ, அவ்வளவு கெட்டியாக இருந்திருக்க வேண்டாம்.

முதல் இரண்டு வருஷம் கொடியைக் காய்க்க விடக்கூடாது. பூங்கொத்தையெல்லாம் நறுக்கிவிட்டால்தான் வேர் ஆழமாக இறங்கும். மூன்றாம் வருஷம்தான் பழம். வகுப்பில் சொன்னது இது. இது இரண்டாம் வருஷம். பூ விட்டதும் கத்தரியோடு இறங்கினாள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அப்போதே சட்டை அவர்மேல் தொளதொளவென்று தொங்கியது. கடைசி வரிசையில் நின்று, "இது ஒண்ணை மட்டும் விட்டுடேன்" என்றார்.

"அவசரத்துக்குப் பிறந்த மனுஷன்! அடுத்த வருஷம் திகட்டத் திகட்டத் தின்னுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே நறுக்கினாள். அவர் கூடையை நீட்டினார். டாக்டர் சொன்னது அவருக்கு அப்போதே தெரியும். அவளுக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

இன்று அந்தக் கடைசி வரிசையும் முடிந்துவிட்டது. ஒன்றுமில்லை. பச்சைப் பசேலென்று தழைத்து நின்றது பாழாய்ப்போன கொடி. வேரோடு பிடுங்கிப் போடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

லேபிள் மூச்சு வாங்க ஓடி வந்தான். கையில் காகிதப் பை. "கடையில வாங்கிட்டேன் அண்ணி. கறுப்புதான். நம்மளதுன்னு சொல்லிக் குடுங்க."

"போற மனுஷன்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"வேற என்ன அண்ணி இருக்கு நம்மகிட்ட?"

அவள் பையை வாங்கினாள்.

"தோலை உரிச்சிடுங்க" என்றான் தாழ்ந்த குரலில். "ஒயின் திராட்சைக்குத் தோல் தடிமன். அண்ணன் கண்டுபிடிச்சிடுவாரு."

நகத்தால் உரித்தாள். அவசரத்தில் இரண்டு பழம் நசுங்கிப்போயின. மூன்றாவதை எடுத்துக்கொண்டு போய், அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தாங்க, நம்ம தோட்டத்துது. கடைசி வரிசையில ஒண்ணு தப்பிச்சிருக்கு."

அவர் வாயைத் திறந்தார். உதட்டோரம் சாறு வழிந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்புறம் தாடை நின்றுவிட்டது. நாக்கு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போய் எதையோ துழாவியது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விதை! ஒயின் திராட்சைக்கு விதை உண்டு. அதைத் துப்பி நிறம் பார்க்க வேண்டும். பச்சையாக இருந்தால் காத்திருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் பறிக்கலாம். வகுப்பில் அவருக்கு மிகவும் பிடித்த பாடம் அது. கடைப் பழமோ விதையில்லாத ரகம். தோலை மறைக்கத் தெரிந்த இரண்டு பேருக்கும் விதை ஞாபகம் வரவில்லை.

அவர் அவளையே பார்த்தார். லேபிள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அவர் மோவாய்க்குக் கீழே வலது உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாள். அவர் உதட்டைக் குவித்து மெல்லத் துப்பினார். காற்றுதான் வந்தது.

"பழுப்பா?" என்று கேட்டார்.

வெறும் கையைப் பார்த்தாள்.

"நல்ல பழுப்புங்க. பறிச்சிடலாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

வீடு ஆட்களால் நிறைந்தது. லேபிள் ஒவ்வொருவருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டே அழுதான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வலது கையை மூடியபடியே இடது கையால் வாங்கினாள்.

"அந்தக் கையில என்னம்மா வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள். விரல்களை மட்டும் பிரிக்கவில்லை.