ஏ.சி. நின்றுபோன புதன்கிழமை

கருப்பசாமி அந்தப் பழைய பிக்கப் லாரியை வாங்கியதே அதில் ஏ.சி. இருந்ததால்தான். ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்த அவன் மனைவி ஜோதிமணியின் மேல் கொதிக்கிற எண்ணெய் கவிழ்ந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்துவிட்டது. புண் ஆறினாலும் அந்தத் தோலில் வியர்வை வருவதில்லை. வெயில் பட்டால் சூடு உடம்புக்குள்ளேயே தங்கி மயங்கிவிடுவாள். மத்திகிரி வீட்டிலிருந்து கிருஷ்ணகிரி டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போவது அந்த வண்டியில்தான். மற்ற நாட்களில் அதிலேயே லோடு அடித்தான்.

அந்தச் சித்திரை மாதப் புதன்கிழமை, இறுகிக்கொண்டே வந்த கழுத்துத் தோலைச் சரிசெய்ய ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். சூளகிரி தாண்டியதும் இன்ஜின் பக்கம் கரகரவென்று சத்தம் பெருத்தது. ஏ.சி.யில் அனல் காற்று வந்தது. குருபரப்பள்ளியில், சாலையோர மெக்கானிக் ஆஞ்சப்பனின் கொட்டகை முன்னால் நிறுத்தினான்.

ஆஞ்சப்பன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டது, அதைச் சுழற்றும் பெல்ட்தான் இன்ஜினுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பையும் சுழற்றுகிறது, பெல்ட் அறுந்தால் இன்ஜின் கொதித்துப் போகும் என்றான். கம்ப்ரசரை விட்டுவிட்டுச் சின்ன பெல்ட் போட்டால் வண்டி ஓடும், ஏ.சி. இருக்காது. இவ்வளவு பழைய வண்டிக்கு வேறு கம்ப்ரசர் தேடப் பத்து நாளாவது ஆகும்.

"இது இன்னிக்கு வந்த கோளாறு இல்லண்ணா. ஒரு மாசமாவே கத்தியிருக்குமே, கேக்கலையா?"

கருப்பசாமிக்குக் கேட்டுத்தான் இருந்தது. வண்டியைப் பிரித்துப் போட்டால் லோடு கைவிட்டுப் போகும் என்று, சத்தம் வரும்போதெல்லாம் பாட்டை உரக்க வைத்து ஓட்டினான்.

பெல்ட் மாட்டி முடிக்கையில் பதினொன்று தாண்டிவிட்டது. வாடகைக் கார் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். போய்விடலாம் என்று ஜோதிமணிதான் எழுந்தாள். ஈரத் துண்டைப் போர்த்தி உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு விரட்டினான். நாலைந்து மைல்கூடப் போகவில்லை, அவள் கதவோடு சரிந்தாள். ஒரு புளியமர நிழலில் நிறுத்தி, கேனில் இருந்த தண்ணீரையெல்லாம் அவள் தலையில் ஊற்றினான். அவள் கண் திறக்க வெகுநேரமானது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் இல்லை. நர்ஸ் டிரிப் ஏற்றினாள். இனி ஒரு மாதம் கழித்துத்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்றாள்.

கட்டிலருகே நின்றிருந்த கருப்பசாமி மெல்லச் சொன்னான். "அந்தச் சத்தம் எனக்கு முன்னாடியே கேட்டுச்சு, ஜோதி."

அவள் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள்.

"எனக்கும்தான் கேட்டுச்சு. சொன்னா வண்டியக் கொண்டுபோய் ஒர்க் ஷாப்புல விட்ருவீக, இன்னிக்கு வர முடியாமப் போயிருமேன்னு இருந்துட்டேன்."

பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்பினார்கள்.

ஆபரேஷன் ஆடியில்தான் நடந்தது. அதற்குள் தோல் இன்னும் இறுகிவிட்டதாகவும், கழுத்து இடப்பக்கம் பாதிதான் திரும்பும் என்றும் டாக்டர் சொன்னார். இப்போது இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் ஜோதிமணி உடம்போடு திரும்பித்தான் பார்க்கிறாள்.